மேனேஜர் குரைக்க மாட்டான்

அந்தக் கட்டிடத்தில் பகலில் தூங்குகிற ஒரே ஜீவன் சிஸ்டர்தான். மற்றவர்கள் அநேகமாக எல்லோரும் காலை ஒன்பதுக்குள் அவரவர் வேலையைப் பார்க்கக் கிளம்பிவிடுவார்கள். சிஸ்டர் அப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து காலை இழுத்துக்கொண்டு படியேறி வருவாள். தீவிர சிகிச்சைப் பிரிவில் ராத்திரி ஷிப்ட், ஒன்பது வருஷமாக. வந்ததும் குளித்து, ஒரு டம்ளர் பால் குடித்து, ஜன்னல் திரையை இழுத்துவிட்டுப் படுத்தாளானால், மூன்று மணி வரைக்கும் இடியே விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டாள். பக்கத்து வீட்டுக்கு மேனேஜர் குடிவரும் வரைக்கும் அப்படித்தான் இருந்தாள்.

மேனேஜர் என்றால் நாய். பழுப்பு நிறம், முழங்கால் உயரம், ஒரு காது நிமிர்ந்திருக்கும், இன்னொன்று மடிந்து கிடக்கும். வளர்த்தவர் தனிக்கட்டை. பெரிய செருப்புக் கடை ஒன்றில் விற்பனையாளர். “கடையில ஒரு மேனேஜர் என்னை உண்டு இல்லைன்னு பண்றான். வீட்டுலயாவது ஒரு மேனேஜர் நான் சொன்னபடி கேக்கட்டுமேன்னுதான் இந்தப் பேரு” என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். நல்ல பேச்சுக்காரர்தான், பொறுப்பு மட்டும் மருந்துக்கும் கிடையாது. மேனேஜர் படிக்கட்டில் அசிங்கம் பண்ணி வைத்தால், மேலே ஒரு பழைய பேப்பரைப் போட்டு மூடிவிட்டு வேலைக்குப் போய்விடுவார். அந்தப் பேப்பர் தானாக எழுந்து நடந்து குப்பைத் தொட்டிக்குப் போய்விடும் என்று நினைப்பு.

ஒன்பது மணிக்கு அவர் கிளம்புவார். ஒன்பதரைக்கு மேனேஜர் ஆரம்பிக்கும். சாதாரணக் குரைப்பு இல்லை. குரைக்கும், ஊளையிடும், கொஞ்ச நேரம் மூச்சு வாங்கும், மறுபடி ஆரம்பிக்கும். அவருடைய முன்னறைக்கும் சிஸ்டரின் படுக்கையறைக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர், அதுவும் காசைக் கணக்குப் பார்த்துக் கட்டின சுவர். காதில் பஞ்சு வைத்தாள், தலையணையைக் கவிழ்த்துக்கொண்டாள், மின்விசிறியை முழு வேகத்தில் வைத்துக் குளிரில் நடுங்கினாள். எதற்கும் அந்த நாய் மசியவில்லை. மூன்று மணிக்கு மேல் கத்திக் கத்திக் களைத்துப் படுத்துவிடும், சாயங்காலம் ஆட்கள் வீடு திரும்பும்போது கப்சிப்.

முதல் வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டுப் போய்ச் சொன்னாள்.

“யாரு, எங்க மேனேஜரா?” என்று அவர் வாய்விட்டுச் சிரித்தார். “வாயே திறக்க மாட்டான் சிஸ்டர். வேணும்னா பாருங்க.” மேனேஜர் அவர் காலடியில் பச்சைக் குழந்தை மாதிரி படுத்துக்கொண்டு சிஸ்டரைப் பார்த்து வாலை ஆட்டியது. நடிப்பைப் பார், நடிப்பை என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இதில் ஒரு கூத்து என்னவென்றால், சாட்சிக்கு ஆளே இல்லை. கட்டிடமே பகலில் காலி, சனிக்கிழமைகூட. கீழ்வீட்டுப் பெரியவர் மட்டும் இருப்பார். அவரோ காதுக் கருவியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுத்தான் பேப்பரே படிப்பார். குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம் போனால், “ரெண்டாவதா ஒருத்தர் எழுதிக் குடுக்கணுமே சிஸ்டர். நீங்க ஒருத்தர் சொல்றதை வெச்சு நான் எப்படி நடவடிக்கை எடுக்கறது?” என்று கையை விரித்துவிட்டார்.

சரி, நிரூபித்துவிடலாம் என்று போனில் பதிவு செய்து, செயலாளரையும் வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரரிடம் போட்டுக் காட்டினாள். அவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு முழுவதையும் கேட்டார். பிறகு, “இது வேற ஏதோ நாய் சிஸ்டர்” என்றார்.

“சுவருக்கு அந்தப் பக்கம் வேற எந்த நாய் இருக்கு?”

“அது எனக்குத் தெரியாது. ஆனா மேனேஜர் குரல் எனக்குத் தெரியாதா? இது அவன் இல்ல.”

பொய் சொல்கிற முகமாக இருந்திருந்தால் அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது. ஒன்பது வருஷமாக நோயாளிகளின் சொந்தக்காரர்களைப் பார்த்தவள், பொய் சொல்கிறவர்களைக் கண்ணை வைத்தே கண்டுபிடித்துவிடுவாள். இந்த மனுஷர் சத்தியமாக நம்பித்தான் சொன்னார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை செயலாளர் தானாகவே வந்து அவள் படுக்கையறையில் அரை மணி நேரம் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பக்கத்து வீட்டுக்காரர் வீட்டில் இருக்கிற நாள் அது, நாய் எப்படிக் குரைக்கும்? செயலாளர் எழுந்து, “வேலை ஜாஸ்தி போல. உடம்பைப் பாத்துக்கங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். அவளுக்கு மானமே போயிற்று.

அதோடு விட்டதா? வாத்தியார் வேலை பார்க்கும் புருஷன், ராத்திரிச் சாப்பாட்டை டப்பாவில் கட்டிக் கொடுத்துக்கொண்டே, “ஏம்மா, கோவிச்சுக்காதே. தூக்கம் கெட்டா இல்லாத சத்தமெல்லாம் கேக்கும்னு சொல்றாங்க. ஒரு டாக்டரைப் பாக்கலாமா?” என்றார்.

“நீங்களுமா?” என்றாள். டப்பாவை வாங்கிக்கொண்டு இறங்கிப் போனாள். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து அழுதாள். மூன்று மாசத்தில் தன் காதை நம்பலாமா கூடாதா என்று அவளுக்கே சந்தேகம் வந்திருந்தது.

நான்காவது மாசம் அது நடந்தது. ஆறாம் படுக்கைக்குப் போட வேண்டிய ஊசியை எடுத்துக்கொண்டு அவள் ஒன்பதாம் படுக்கைக்குப் போனாள். நோயாளியின் கையில் கட்டியிருந்த பட்டையில் பேரைப் படிக்கவும் செய்தாள். கண் படித்தது, மண்டையில் ஏறவில்லை. கூட வேலை பார்க்கிறவள் ஓடிவந்து மணிக்கட்டைப் பிடித்திருக்காவிட்டால், ஒன்பதாம் படுக்கைக்காரர் விடிவதற்குள் போய்ச் சேர்ந்திருப்பார். சிஸ்டர் அதை யாரும் கேட்காமல் தானே எழுதிக் கொடுத்தாள். தலைமை நர்ஸ் படித்துவிட்டு, “இந்த மாசக் கடைசி வரைக்கும் பாக்கறேன். அதுக்குள்ள தூக்கத்தைச் சரி பண்ணு. இல்லேன்னா உன்னை இந்த வார்டுல வெச்சுக்க முடியாது” என்றாள்.

வார்டு மாற்றத்துக்குக்கூட அவள் அவ்வளவு பயப்படவில்லை. தன் கையைப் பார்த்துத்தான் பயந்தாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த வலது கையை மடியிலேயே வைத்து இடது கையால் அழுத்திக்கொண்டிருந்தாள்.

அன்றைக்குப் பக்கத்து வீட்டுக்காரர் வண்டியை எடுக்கிற நேரத்தில் கீழேயே அவரை மறித்தாள். வெள்ளைச் சீருடைகூட மாற்றவில்லை.

“நாளைக்கு ஒரே ஒரு நாள், நான் சொல்றபடி செய்வீங்களா? எப்பவும் போலக் கிளம்புங்க. பை, ஹெல்மெட், எல்லாம். வண்டியைத் தெருமுனை வரைக்கும் ஓட்டிட்டுப் போய் நிறுத்துங்க. ஒன்பதேகாலுக்குக் கீழ்வீட்டுப் பெரியவர் தண்ணி மோட்டார் போடுவார். அந்தச் சத்தத்துல செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு மேலே ஏறி வந்து எங்க வீட்டுல உக்காருங்க. அவன் குரைக்கலேன்னா, எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேட்டுக்கறேன். அப்புறம் என் வாயிலேர்ந்து ஒரு புகார் வராது.”

அவர் சிரிக்கப் போனார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை விழுங்கிக்கொண்டார். “சரி சிஸ்டர். கடையில ஒரு மணி நேரம் பர்மிஷன் கேக்கறேன்” என்றார்.

மறுநாள் சொன்னபடி வந்தார். புருஷன் கதவைத் திறந்து அவரை உள்ளே விட்டு, “நீங்களாவது கேட்டுச் சொல்லுங்க சார்” என்று கிசுகிசுத்துவிட்டு, அன்றைக்கு மட்டும் தாமதமாகப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினார். வாசல் கதவு பூட்டப்படவில்லை. படுக்கையறையில் சுவரை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தாள். அவர் அதில் உட்கார்ந்து, செருப்பைக் காலடியில் சத்தமில்லாமல் வைத்தார். அவள் கட்டில் ஓரத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

மோட்டார் நின்றது. ஒன்பதரை. அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. ஒன்பது முப்பத்தைந்து. அவர் கடிகாரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். குரைச்சுத் தொலையேன், இத்தனை நாள் குரைச்சியே, இன்னிக்கு என்ன கேடு வந்தது உனக்கு என்று அவள் மனசுக்குள் கெஞ்சினாள். ஒன்பது நாற்பது.

அதற்கப்புறம் அவள் கண்ணைத் திறந்தபோது மணி இரண்டே முக்கால்.

கட்டிலில் நீட்டிப் படுத்திருந்தாள். யாரோ தலையணையைக் கொண்டுவந்து கட்டில் ஓரத்தில் வைத்திருந்தார்கள், அதை இவளே இழுத்துத் தலைக்கு வைத்துக்கொண்டிருக்க வேண்டும். நாற்காலி காலி. செருப்பும் இல்லை. வீடு நிசப்தம், பக்கத்து வீடும் நிசப்தம். அவள் சட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். கிடைத்த ஒரே சாட்சியை உட்கார வைத்துவிட்டுத் தூங்கித் தொலைத்திருக்கிறாளே! நாய் குரைக்கவில்லை என்றால் போச்சு. குரைத்திருந்தாலும் போச்சு, ‘நீங்கதான் அவ்வளவு சத்தத்துலயும் கும்பகர்ணி மாதிரி தூங்கினீங்களே’ என்று ஒரு வார்த்தை சொன்னால் யார் என்ன பதில் சொல்ல முடியும்? தலையைக்கூட வாராமல் போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள்.

அவர்தான் திறந்தார். கடைச் சட்டை அப்படியே இருந்தது, கசங்கியிருந்தது. மேனேஜர் அவர் காலோடு ஒட்டிக்கொண்டு நின்றது. அவர் கண் இரண்டும் சிவந்திருந்தன.

“கண் அசந்துட்டேன்” என்றாள் சிஸ்டர். “குரைச்சானா?”

அவர் குனிந்து நாயின் முதுகில் கையை வைத்துக்கொண்டு சொன்னார். “முதல்ல கதவைச் சுரண்டினான். அப்புறம் முனகினான். அப்புறம்தான் ஆரம்பிச்சான். எனக்கு அது மேனேஜர்னே தெரியல சிஸ்டர். அன்னிக்குப் போன்ல கேட்டதும் அப்படித்தான், ஏதோ நாயின்னுதான் நெனச்சேன். நான் வீட்டுல இருக்கறப்ப அவன் இப்படி ஒரு தடவைகூடக் கத்தினதில்ல. நடுவுல கழுத்துப் பட்டை வளையம் கதவுல மோதுற சத்தம் கேட்டுச்சு. நான் வாங்கிப் போட்ட வளையம். அப்பத்தான் புரிஞ்சுது.”

“உடனே வந்துட்டீங்களா?”

“இல்ல. ஒன்னேகால் மணி நேரம் உங்க வீட்டுலயே உக்காந்திருந்தேன். இப்ப நிறுத்துவான், இப்ப நிறுத்துவான்னு பாத்தேன். தபால்காரர் படியேறினார், நிறுத்தினான். நான்தான் வர்றேன்னு நெனச்சிருப்பான் போல. அவர் தாண்டிப் போனதும் முன்னைவிட ஜாஸ்தியாக் கத்தினான். அதுக்கு மேல என்னால முடியல. நீங்க தூங்கிட்டு இருந்தீங்க, எழுப்ப மனசு வரல. கதவைச் சாத்திட்டு வந்து இவன்கூட உக்காந்துட்டேன். கடைக்குப் போகல.” அவர் மூக்கை உறிஞ்சினார். “ரெண்டு தெரு தள்ளி என் தங்கச்சி இருக்கா. வீட்டோட தையல். வீட்டுல ஆள் இல்லாத நேரமே கிடையாது. நாளையிலேர்ந்து காலையில அங்க விட்டுட்டு, சாயங்காலம் கூட்டிட்டு வந்துடறேன்னு பேசிட்டேன். ரெண்டே தெரு சிஸ்டர். நாலு மாசமா எனக்குத் தோணல.”

“செயலாளர்கிட்ட?”

“போன்ல சொல்லிட்டேன். சிஸ்டர் சொன்னது அத்தனையும் நிஜம், நான்தான் மடையன்னு. உங்க வீட்டுக்காரர்கிட்டயும் சாயங்காலம் நானே சொல்றேன்.”

அவள் தலையாட்டினாள். திரும்பப் போனவளை அவர் தயக்கத்தோடு கூப்பிட்டார்.

“ஒண்ணு கேக்கட்டுமா? தப்பா எடுத்துக்காதீங்க. அவன் கத்தின கத்துல எனக்கே நெஞ்சு பதறிடுச்சு. நீங்க அசையவே இல்ல. எப்படித் தூங்கினீங்க?”

எதிர்பார்த்த கேள்விதான். ஆனால் அவர் குரலில் குத்தல் ஒன்றும் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அவளும் நின்று யோசித்துப் பார்த்தாள்.

“தெரியல” என்றாள். “நீங்க கேட்டுக்கிட்டு இருந்தீங்கல்ல... நான் ஒருத்தியே கேக்க வேண்டியதில்லயே.”

அந்த வாசலில் நின்றபடியே அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவர் என்ன செய்வதென்று தெரியாமல், உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். வாங்கிக் குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுத்தாள். ஷிப்டுக்கு இன்னும் நாலைந்து மணி நேரம் இருந்தது. வீட்டுக்குப் போய் மறுபடியும் படுத்துக்கொண்டாள்.