கிழக்குச் சுவரின் போல்ட்டுகள்

செங்கல்பட்டில் ஒரு பழைய வீட்டின் கிழக்குச் சுவரில், இரும்புப் பட்டையைப் பிடித்திருந்த போல்ட் ஒன்று லேசாகச் சாய்ந்திருந்தது. பெயிண்ட் அடித்தவர்கள் ஏணியால் இடித்திருப்பார்கள் என்று நினைத்து, என்ஜினியர் ஹெலன் அதை விரலால் நிமிர்த்தினாள். அது கையோடு வந்துவிட்டது.

அரை அங்குலம்தான் இருந்தது. ஒன்றரை அடி கனமுள்ள சுவரைத் துளைத்து மறுபக்கம் நட்டில் முடிய வேண்டிய கம்பியை அறுத்து, தலையை மட்டும் பசையால் ஒட்டியிருந்தார்கள். பின்னால் ஓட்டையே இல்லை. அடுத்ததை இழுத்தாள், அதுவும் வந்தது. மூன்றாவதும் வந்தது.

நூறு வயதுச் செங்கல் சுவர், சுண்ணாம்புச் சாந்து. பூமி கொஞ்சம் குலுங்கினாலும் நாலு சுவரும் ஆளுக்கொரு பக்கம் போய்விடும் என்றுதான் சுற்றிப் பட்டை கட்டச் சொல்லியிருந்தாள். அந்தப் பட்டையை நம்பித்தான் நடுச்சுவரை இடித்துக் கூடத்தைப் பெரிதாக்கினார்கள். அதே கூடத்தில், போன வாரம் தொடங்கிய டியூஷனில், இருபத்தாறு பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"திவ்யா, பசங்கள வெளிய கூட்டிட்டுப் போ. பை கெடக்கட்டும்" என்றாள். டியூஷன் டீச்சர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு உடனே பிள்ளைகளை எழுப்பினாள். பிள்ளைகளுக்கென்ன, லீவு கிடைத்த குஷியில் கத்திக்கொண்டு ஓடினார்கள். ஹெலன் போனை எடுத்தாள்.

அடுத்த தெருவில் வேலையாக இருந்த மேஸ்திரி அருணகிரிதான் பட்டை மாட்டியவர். போன் செய்ததும் வந்தார். பொய் சொல்லவில்லை.

"அது சாமி சொவரு மேடம். மஞ்சா பூசி, பொட்டு வெச்சி, நாலு தலமொறயா கும்புட்டுகினு கீறாங்க. அதுல போயி டிரில் வெக்க எனக்குக் கை வர்ல."

"யாராவது வேணாம்னு சொன்னாங்களா?"

"யாரும் சொல்லல. நானாத்தான் செஞ்சேன்."

திருடியிருந்தாலாவது திட்டித் தீர்த்திருக்கலாம். இந்த மனுஷர் பயபக்தியோடு இருபத்தாறு பிள்ளைகளை எமன் வாயில் உட்கார வைத்திருக்கிறார். இதற்கு என்னவென்று திட்டுவது?

சத்தம் கேட்டு வீட்டுக்காரம்மா சந்திரம்மா வந்தாள். கேட்டதும் அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"இன்னா அண்ணாத்த சொல்ற? அந்தச் சொவத்துல ஏது சாமி? வேல தொடங்கறதுக்கு மின்னாடியே பூசாரிய கூப்ட்டு, கலசத்துல எறக்கி, என் தங்கச்சி வூட்டுல வெச்சிட்டோமே. நீங்க தாராளமா தொளைக்கணும்னுதான் அப்டி செஞ்சோம். இங்க கீறது வெறும் மஞ்சா கற."

அருணகிரி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சந்திரம்மா ஹெலன் பக்கம் திரும்பினாள்.

"மத்த மூணு சொவத்துலயும் போல்ட்ட மிஷின் வெச்சி இழுத்து இழுத்துப் பாத்தியேம்மா. இத்த மட்டும் ஏன் பாக்காத வுட்ட?"

சோதித்த அன்று ஹெலன் மிஷினோடு இந்தச் சுவர் வரைக்கும் வந்தாள். மஞ்சளைப் பார்த்ததும், சர்ச்சுக்குப் போகிற வேதக்காரப் பெண் ஷூ காலோடு வந்து சாமி மேல் கை வைத்தாள் என்று பேச்சு வரக்கூடாதே என்று திரும்பிவிட்டாள். நாலு சுவரையும் இழுத்துப் பார்த்ததாக எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தாள்.