இடப்பக்கத்து வெளிச்சம்

ஐம்பத்தொரு வயதில் கடலுக்கடியில் போய்ப் படம் எடுக்கப் போகிறேன் என்று எக்ஸ்ரே அம்மாள் சொன்னபோது ஆஸ்பத்திரியில் சிரிக்காத ஆள் இல்லை. மகள் வேலை கிடைத்து வெளியூரில் தங்கிவிட்டாள். வீட்டில் மிச்சம் இரண்டு பேர், இரண்டு செல்போன், ஒரு டிவி. அப்படியே உட்கார்ந்து கிழடு தட்ட அவளுக்கு இஷ்டமில்லை. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும் என்று பயிற்சிக்குப் பேர் கொடுத்துவிட்டாள்.

முதல் வகுப்பிலேயே மாட்டிக்கொண்டாள். இருபத்தாறு வருஷமாக வருகிறவர்களிடமெல்லாம் "மூச்ச இழுத்துப் புடிங்க, அசையாதீங்க" என்று சொல்லி வாய் பழகியவளுக்கு, தண்ணீருக்கடியில் மூச்சைப் பிடிக்கவே கூடாது என்பது முதல் விதி. இரண்டாவது விதி, தனியாக இறங்கக்கூடாது, ஜோடி வேண்டும். ஜோடிக்கு அவள் எங்கே போவாள்? கட்டிய புருஷனைத்தான் இழுத்துக்கொண்டு போனாள்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். குளிக்கிற வாளியைத் தவிர வேறெந்தத் தண்ணீரைக் கண்டாலும் நாலடி தள்ளி நிற்கிற மனுஷன்.

"வாழ்நாள் பூரா ஊரையே மேல அனுப்புனவன நீ கீழ கூட்டிட்டுப் போறியே, டாக்டரம்மா" என்றார். அவள் வெள்ளைக் கோட்டுப் போட்ட முதல் நாள் அவர் வைத்த பெயர் அது.

பயந்து பயந்துதான் கற்றுக்கொண்டார். கேமரா பக்கம் கை வைக்கவில்லை. "நீ எடு. நான் வெளிச்சம் காட்டுறேன்" என்றுவிட்டார். ஆழம் போகப் போக சிவப்பு நிறம் செத்துவிடும், கிட்டேயிருந்து விளக்குப் பிடித்தால்தான் மீனுக்கு நிறம் திரும்பும். வலப்பக்கம் அவள் கேமராவின் விளக்கு, இடப்பக்கம் அவருடைய டார்ச். லிஃப்ட் குழிக்குள் இருபத்தெட்டு வருஷம் டார்ச் பிடித்த கை, இம்மி ஆடாது.

தண்ணீருக்கடியில் வாயால் கூப்பிட முடியாது. முதுகில் இருக்கிற காற்று சிலிண்டரை ஒரு சின்ன இரும்புக் குச்சியால் தட்ட வேண்டும், டங் டங் என்று கேட்கும். ஒரு தடவை அப்படித் தட்டினார். அரைமணி நேரம் தவம் கிடந்து அவள் நெருங்கியிருந்த மீன் விருட்டென்று ஓடிப்போயிற்று. ஆத்திரத்தோடு திரும்பிப் பார்த்தால், தூரத்தில் போகிற ஆமையைக் கை நீட்டிக் காட்டிக்கொண்டிருக்கிறார். படகில் ஏறியதும் எல்லார் முன்னாலும் வெடித்தாள்.

"படம் எடுக்கறப்ப தட்டாதீங்கன்னு எத்தன தடவ சொல்றது? தலை போற காரியமா இருந்தாலும் தட்டாதீங்க!"

"சரிம்மா, தட்டல. ஆமைய நீ பாக்கலியேன்னுதான்" என்றார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கடல்குதிரை கிடைத்தது. எடுத்து முடித்து அவள் திரும்பியபோது அவர் மணலில் கிடந்தார். பக்கத்தில் டார்ச் எரிந்துகொண்டே கிடந்தது. மாரடைப்பு. பயிற்சியாளரை எல்லாரும் கேப்டன் என்பார்கள், அவர்தான் மேலே தூக்கி வந்தார். மகள் வந்து கதறியபோது, "நெஞ்சு சட்டுனு நின்னிருக்கும்மா. அப்பாவுக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது" என்றார் கேப்டன். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் மகள் இரண்டு மாதத்தை ஓட்டினாள். சொல்லப்போனால் அம்மாவும் அதைப் பிடித்துக்கொண்டுதான் ஓட்டினாள்.

இரண்டு மாதம் கழித்து லீவில் வந்த மகள் கேட்டாள். "அப்பா வெளிச்சம் புடிச்ச கடைசிப் படம் வேணும்மா. பெருசு பண்ணி என் ரூம்ல மாட்டணும்."

அதுவரை அலமாரியிலிருந்து கேமராவை எடுக்காதவள், அன்று எடுத்தாள். கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டாள். மகள் பின்னால் நின்று அம்மாவின் தோளில் கை வைத்திருந்தாள்.

மொத்தம் பதினேழு படம். எலும்பில் மயிரிழை விரிசல் இருந்தாலும் பிடித்துவிடுகிற கண் அவளுடையது. அந்தக் கண் அன்றைக்கு அவிந்து போயிருந்தால் தேவலை. பத்தாவது படம் வரை இடப்பக்கத்து வெளிச்சம் கடல்குதிரையின் முகத்தில் விழுந்திருந்தது. பதினொன்றில் கழுத்துக்கு இறங்கியிருந்தது. பன்னிரண்டில் வயிறு. பதிமூன்றில் வாலில் மட்டும் கொஞ்சம். படத்தின் கீழே நேரம் இருந்தது. வெளிச்சம் முகத்திலிருந்து வாலுக்கு வர ஒன்றரை நிமிஷம் ஆகியிருந்தது.

பதினாலில் இடப்பக்கம் இருட்டு. பதினைந்திலிருந்து படம் மறுபடி பளிச்சென்று இருந்தது, ஏனென்றால் அவள் தன் விளக்கைக் கூட்டி வைத்துக்கொண்டாள். இந்த மனுஷன் கையை எங்கேதான் வைத்திருக்கிறாரோ என்று உள்ளுக்குள் சலித்துக்கொண்டது இப்போது ஞாபகம் வந்தது. திரும்பிப் பார்க்கவில்லை, பாவி. பதினேழாவது படம் வரைக்கும் இன்னும் ஐந்து நிமிஷம் திரும்பவில்லை. அவரைத் தூக்கி வந்தபோது இரும்புக் குச்சி மணிக்கட்டில் தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

"எவ்ளோ அழகா இருக்கும்மா" என்றாள் மகள். பிறகு மெதுவாக, "அப்பாவுக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காதுல்ல?" என்றாள்.

படத்தில் என்ன கெட்டது தெரிந்தாலும் அவள் நோயாளியிடம் வாய் திறந்ததே இல்லை. எப்படிக் கெஞ்சினாலும் "டாக்டர் பாத்துச் சொல்வாரு" என்று அனுப்பிவிடுவாள். அந்த ஒரு வரியை வைத்தே இத்தனை வருஷம் தப்பித்திருக்கிறாள். இதை யார் தலையில் கட்டுவது?

"தெரிஞ்சிருக்குடி" என்றாள். திரையில் விரலை வைத்துக் காட்டினாள். "இதுலருந்து இது வரைக்கும். ஒன்னரை நிமிஷம். கை கீழ போகப் போக எனக்கு வெளிச்சம் புடிச்சிருக்காரு. தட்டியிருக்கலாம். நான்தான் தட்டாதீங்கன்னு சொல்லியிருந்தேன்."

தோளில் இருந்த கை விலகியது. மகள் அழவில்லை, திட்டவில்லை. பதிமூன்றாவது படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தட்டியிருந்தா அது ஓடியிருக்குமா?"

"அது கடல்குதிரைடி. வாலால புல்லச் சுத்திக்கிட்டு நின்ன எடத்துலயே நிக்கும்" என்றாள் அவள். "அதுக்கு ஓடவே தெரியாது."