மெம்பர் வீட்டுப் புங்கமரம்

செஞ்சிப் பஞ்சாயத்தில் பெண் ஒருத்தி இருந்தாக வேண்டும் என்று சட்டம் சொன்னதால்தான் ஜெயமாலாவை மெம்பராக்கினார்கள். மல்லாட்டை என்கிற வேர்க்கடலை வியாபாரம் செய்யும் சந்திரநாதனின் மனைவி, அடக்கமானவள், கூட்டத்தில் குறுக்கே பேசமாட்டாள் என்று எல்லோரும் நம்பினார்கள். முதல் வருஷம் அவளும் அப்படித்தான் இருந்தாள்.

அவளைப் பேசவைத்தது ஒரு மரம். அவள் தெருவில் புதிதாக லாரி வாங்கிய பாவாடை என்பவன், வண்டி திரும்ப இடைஞ்சல் என்று தன் வாசலில் நின்ற புங்கமரத்தை வெட்டிச் சாய்த்துவிட்டான். சுற்றிலும் பாறைமலை நிற்கும் ஊர். சித்திரை மாசத்து வெயிலை மலைகள் வாங்கி ஊருக்குள்ளேயே திருப்பி அடிக்கும். அந்தத் தெருவில் மனுஷர் நடமாட முடிந்ததே இரண்டு பக்கமும் தழைத்து நின்ற புங்கமரங்களால்தான்.

அடுத்த கூட்டத்தில் ஜெயமாலா எழுந்தாள்.

"தெருவுல நிக்கிற மரம் யாருதுங்க?"

"பஞ்சாயத்துதும்மா. அதுல இன்னா சந்தேகம்?" என்றார் தலைவர் சுந்தரமூர்த்தி.

"அப்ப பஞ்சாயத்து சொத்த ஒருத்தர் வெட்டி வெறகாக்கிட்டாரே, நாம சும்மா இருக்கலாமா?"

பாவாடைக்கு அபராதம் விழுந்தது. இனிமேல் தெரு மரத்தில் கை வைப்பதானால் கூட்டத்தில் கேட்டு, பாதிப்பேருக்கு மேல் கை தூக்கினால்தான் ஆச்சு என்று தீர்மானமும் நிறைவேறியது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஜெயமாலாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

மறுவருஷம் சந்திரநாதனுக்கு வீட்டோடு இருந்த கடையை முன்னால் இழுத்துக் கட்டும் ஆசை வந்தது. நடுவில் நின்றது அவர்கள் வாசல் மரம்.

"மரத்த வெட்டணும்னு கூட்டத்துக்கு எழுதிக் குடுத்துட்டேன். நீ இருக்கிறப்ப இன்னா கவலை?" என்றார் சிரித்துக்கொண்டே.

அன்று ராத்திரி முழுக்க அவள் புரண்டு படுத்தாள்.

கூட்டத்தில் அந்த மனு வந்ததும் எல்லார் கண்ணும் அவள் மேல். "மெம்பரம்மா வூட்டு விஷயம். குடுத்துடலாமே" என்றார் தலைவர். இரண்டு மூன்று கைகள் மேலே போயின.

"வேணாங்க," என்றாள் ஜெயமாலா. "பாவாடைக்கு ஒரு நாயம், எங்க வூட்டுக்கு ஒரு நாயமா? எங்க வூட்டுக்காரருக்கு நானே பதில் சொல்லிக்கிறேன்."

தூக்கிய கைகள் இறங்கின.

அன்று சந்திரநாதன் கோபத்தில் அவளுக்கு முகம் கொடுக்காமல் வந்து சாப்பிட்டார், எழுந்து போனார். ஒரு வாரம் இதே கதை. அவள் வழக்கம்போலப் பரிமாறினாள், மன்னிப்புக் கேட்கவில்லை. எட்டாம் நாள் கொத்தனார் பொன்னுசாமியைக் கூட்டிக்கொண்டு வாசலில் நின்று மரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"செவுத்த இப்படி உள்ள வளச்சிக் கட்டிட்டா ஆவாதா?"

"ஏன் ஆவாது? கொஞ்சம் கோணலா இருக்கும், அவ்ளோதான்."

"இருந்துட்டுப் போவட்டும்."

கடை கோணலாகத்தான் எழுந்தது. ஆனால் அடுத்த கோடையில் தொண்டூரிலிருந்தும் தளவானூரிலிருந்தும் மூட்டை ஏற்றி வந்த வண்டிக்காரர்கள் மாட்டை அவிழ்த்துவிட்டு அந்த நிழலில்தான் சாய்ந்தார்கள். சாய்ந்தவர்கள் மல்லாட்டை மூட்டைகளையும் சந்திரநாதன் கடையிலேயே விற்றுவிட்டுப் போனார்கள்.

"இன்னா சாமி, செவுரு இப்படிக் கோணிக்கினு இருக்குது?" என்று ஒருவர் கேட்டார்.

"எங்க வூட்டு மெம்பரம்மா உத்தரவு," என்றார் சந்திரநாதன், உள்ளே கேட்கும்படி உரக்க. அடுப்படியில் ஜெயமாலா தனக்குள் சிரித்துக்கொண்டு, வண்டிக்காரர்களுக்கு ஒரு சொம்பு மோர் கலக்கினாள்.