ஆயுள் லைசென்ஸ்

மாமியார் மருமகள் சண்டை நடக்கிற வீடுகளைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கும். அவர்கள் எதற்காக அடித்துக்கொள்கிறார்கள் என்பதாவது அக்கம்பக்கத்துக்குப் புரியும். எங்கள் வீட்டில் அண்ணனும் தம்பியும் தலை நரைக்கிற வரைக்கும் ஆபரேட்டிங் சிஸ்டத்துக்காகச் சண்டை போட்டார்கள். இதை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள் என்று நான் யாரிடமும் சொன்னதே இல்லை.

என் கணவர் ஒரு பெரிய அலுவலகத்தின் கணினிப் பிரிவில் இருந்தார். ஒவ்வொரு மேஜையிலும் ஓடுகிற ஒவ்வொரு மென்பொருளும் காசு கொடுத்து வாங்கியதுதானா என்று பார்ப்பதுதான் வேலை. எவனாவது திருட்டு நகலைப் போட்டு வைத்திருந்தால் இவருக்கு மூக்கு வேர்த்துவிடும். வீட்டிலும் அதே கதைதான். போட்டோவை வெட்டி ஒட்டுகிற ஒரு அற்ப புரோகிராமுக்குக்கூடப் பணம் கட்டினால்தான் தூக்கம் வரும். அப்டேட் என்று திரையில் எட்டிப்பார்த்தால் போதும், சாப்பிடுகிற கையோடு போய் அமுக்குவார். அதனால் இவர் தம்பி இவருக்கு வைத்த பெயர் லைசென்ஸ்.

தம்பி, அதாவது என் கொழுந்தன், பழைய லேப்டாப்புகளை ரிப்பேர் பார்க்கிற கடை வைத்திருக்கிறான். எல்லோரும் திறந்து பார்க்கலாம், மாற்றலாம், பகிரலாம் என்று விட்டிருக்கிற மென்பொருளைத் தவிர வேறு எதையும் தொடமாட்டான். "வாங்கின பொருளைத் திறக்கக்கூடாதுன்னு வித்தவன் சொன்னா, அது வாங்கினது இல்ல அண்ணி, வாடகைக்கு இருக்கறது" என்பான். இவர் அவனுக்கு வைத்த பெயர் ஓசி.

"உன் சிஸ்டத்துல பிரிண்டர் வேலை செய்யுதா? முதல்ல அதைச் சொல்லுடா ஓசி."

"போன தடவை செஞ்சுதே."

"போன தடவைன்னா எப்போ? நீ பொறந்தப்பவா?"

"உன்னோடது செய்யுது. ஆனா யாரைக் கேட்டு செய்யுது? கம்பெனிக்காரன் நாளைக்கு மாட்டேன்னா நீ என்ன பண்ணுவே?"

இப்படியே சாப்பிட்ட தட்டு காய்கிற வரைக்கும் போகும். நான் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள். எனக்கு இரண்டு பேருடைய தத்துவமும் ஒன்றுதான். ஆன் பண்ணினால் வரவேண்டும், வராவிட்டால் குப்பை.

இவரைப் பற்றி இன்னொன்று சொல்லியாக வேண்டும். இவருக்கு விளையாட்டுக்குப் பேசும்போது சிரிக்கவே வராது. "உன் கூட குடும்பம் நடத்த முடியாது, நான் கிளம்பறேன்" என்பார், முகம் கல் மாதிரி இருக்கும். ஆனால் வாக்கியத்தின் கடைசியில் குரல் லேசாகத் தொய்யும். தொய்ந்தால் விளையாட்டு, தொய்யாவிட்டால் நிஜம். கல்யாணமான புதிதில் அது தெரியாமல் குளியலறையில் போய் எத்தனையோ தடவை அழுதிருக்கிறேன். அப்புறம் என் காது பழகிவிட்டது.

பிறகு தொண்டையில் கட்டி வந்தது. குரல்வளையை எடுத்தால்தான் ஆள் தங்குவார் என்று சொல்லிவிட்டார்கள்.

குரல் போவதற்கு முன்னால் அதைப் பதிவு செய்து வைத்தால், பிறகு டைப் அடிப்பதை அதே குரலில் பேசுகிற புரோகிராம் உண்டு என்று டாக்டரே சொன்னார். கொழுந்தன் உடனே தன் ஓசிச் சரக்கைக் கொண்டுவந்தான். இவரைக் கொஞ்சம் படிக்கச் சொல்லி, ஓட்டிக் காட்டினான். குடத்துக்குள் தலையை விட்டுப் பேசுகிற மாதிரி இருந்தது.

"ஆறு மாசம் குடுண்ணே, சரி பண்ணிடறேன்."

"ஆறு மாசம் என் தொண்டை தாங்காதுடா" என்றார் இவர்.

இவர் கம்பெனி புரோகிராமைத்தான் வாங்கினார். ஆயுள் லைசென்ஸ். படுக்கையறைக் கதவைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, வேர்க்க வேர்க்க உட்கார்ந்து அவர்கள் கொடுத்த வாக்கியங்களைப் படித்தார். நாளை மழை பெய்யலாம். தயவுசெய்து கதவை மூடவும். எதிர்த்த கடையில் நீலச் சட்டை இருக்கிறதா? வெளியில் நின்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன். வாழ்நாளில் ஒரு தடவைகூட நீலச் சட்டை போடாத மனுஷன்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்ததும் டேப்லெட்டில் முதலில் டைப் அடித்தது, "ஏன் அழறே? நான்தானே பேசறேன்." அவரேதான். அந்தக் கரகரப்பு, அந்த நிதானம், எல்லாம் அப்படியே. எங்கே கமா போட்டால் குரல் ஏறும், எங்கே புள்ளிகளை அடுக்கினால் இறங்கும் என்று நோண்டி நோண்டிக் கண்டுபிடித்தார். ஒருநாள் டேப்லெட், "உன் சமையலுக்குத் தொண்டை இல்லாததே தேவலை" என்றது. கடைசியில் தொய்ந்தது. கரண்டியைத் தூக்கி வீசப்போனவள் அப்படியே உட்கார்ந்து சிரித்தேன். கம்பெனிக்காரன் நன்றாக இருக்கட்டும் என்று அன்றைக்கு வாயார வாழ்த்தினேன், பொய் சொல்வானேன்.

அந்தக் கம்பெனியை இன்னொரு பெரிய கம்பெனி வாங்கியது. ஒரு மின்னஞ்சல் வந்தது. எங்கள் பயணத்தில் உடன் வந்ததற்கு நன்றி, இந்த மாதத்தோடு சேவை நிறைவடைகிறது, அதன்பின் குரல்கள் இயங்காது. கீழே சிரித்துக்கொண்டு நிற்கிற நாலு பேர் படம் வேறு.

"ஆயுளுக்கும்னு சொல்லித்தானே வித்தான்? இவங்க நாசமாப் போக!" என்று கத்தினேன்.

இவர் டைப் அடித்தார். குரல் நிதானமாகச் சொன்னது: "ஆயுள்னா புரோகிராமோட ஆயுள். என் ஆயுள் இல்ல. ஒப்பந்தத்துல தெளிவா இருக்கு. படிச்சிட்டுத்தான் சம்மதம் குடுத்தேன்."

உலகத்திலேயே அந்த ஒப்பந்தத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்துவிட்டுச் சம்மதம் அமுக்கிய ஒரே ஆள் என் கணவராகத்தான் இருப்பார். இவர் படித்துப் பதிவு செய்த வாக்கியங்களையாவது திருப்பிக் கேட்கலாமா என்றேன். அதுவும் அவர்களுக்கே சொந்தமாம், அதற்கும் ஒரு பிரிவு இருக்கிறதாம். என் கடையில் ஒரு இருமல் மருந்துக்குக்கூடக் காலாவதித் தேதியை அட்டையிலேயே போட்டிருப்பார்கள். மனுஷன் குரலுக்குப் போடவில்லை.

கொழுந்தன் வந்தான். நான் அப்பவே சொன்னேனே என்று குதிப்பான் என்று நினைத்தேன். குதிக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வந்து அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தான். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அவனிடம் ஒரு வழி இருந்தது. டேப்லெட்டை விடாமல் பேச வைத்து, அதை ஒயர் வழியாகத் தன் கம்ப்யூட்டரில் பதிவு செய்ய வேண்டும். ஆயிரக்கணக்கில் வாக்கியங்கள் சேர்ந்தால் தன்னுடைய புரோகிராமுக்கு அந்தக் குரலைக் கற்றுக்கொடுத்துவிடலாம். "இப்போ குடத்துக்குள்ள பேசற மாதிரி இல்ல அண்ணி. கதவுக்கு அந்தப் பக்கம் நின்னு பேசற அளவுக்கு வந்துடுச்சு" என்றான்.

"பேசறதைப் பதிவு பண்ணக்கூடாது. அதுவும் ஒப்பந்தத்துல இருக்கு" என்றது இவர் குரல்.

"உன் குரலுண்ணே அது!" என்று தம்பி கத்தினான். "உன் தொண்டைடா, உன் தொண்டை!" அண்ணனை அவன் டா போட்டு நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

இவர் டேப்லெட்டை அவன் பக்கம் நகர்த்தினார். கொழுந்தன் ஒயரைச் செருகினான், கரகர என்று சத்தம் வந்தது. இவர் டைப் அடித்தார்: "ஓசி, ஒயரைச் சரியா சொருகுடா..." அவன் சிரித்துக்கொண்டே ஒயரை அழுத்திவிட்டு, "பதிவாயிடுச்சு, சோதனை ஓகே. மீதியெல்லாம் நாளையிலேர்ந்து" என்றான். வாசிக்க வேண்டிய வாக்கியங்களை அவன் தயார் பண்ணிக்கொண்டு வர வேண்டும்.

ஆனால் மாதக் கடைசிக்குள் பதிவு முடியாது என்று அவனுக்குத் தெரிந்தது. அப்போதுதான் அந்த யோசனை சொன்னான். டேப்லெட்டை இணையத்திலிருந்து துண்டித்துவிட்டு அதிலுள்ள தேதியைப் பழைய தேதிக்குத் திருப்பிவிட வேண்டும். அப்புறம் மாதக் கடைசி அதற்கு வரவே வராது.

"சின்ன வயசுல கேமை அப்படித்தானேண்ணே ஓட்டினோம்? முப்பது நாள் டிரையலை மூணு வருஷம் ஆடினோமே?"

"நீ ஆடினே. நான் பார்த்தேன்" என்றார் இவர். "அது ஏமாத்தறது."

"அவன் உன்னை ஏமாத்தலியா?"

இவர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். "சரி" என்றது குரல். "ஒரே ஒரு தடவை." எனக்குத் தெரிந்து அண்ணனும் தம்பியும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது அன்றைக்குத்தான். தேதியை மாற்றின பிறகும் டேப்லெட் நன்றாகவே பேசியது. மூன்று பேரும் உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிட்டோம். படுக்கப் போகும்போது, "லைட்டை அணைச்சிடு, கண்ணு கூசுது" என்றது. அணைத்தேன்.

மறுநாள் காலையில் புரோகிராமைத் திறந்தார். தேதியில் முரண்பாடு, லைசென்ஸ் நிறுத்தப்பட்டுள்ளது என்று ஒரு சின்னக் கட்டம் வந்து நின்றது. நான் போன் போட, கொழுந்தன் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடிவந்தான். சரியான தேதியை வைத்தான். இணையத்தில் இணைத்தான். அந்தக் கட்டம் போய் வேறொரு கட்டம் வந்தது. ஒப்பந்த மீறல், லைசென்ஸ் ரத்து.

உதவிக்கு என்று போட்டிருந்த எண் இயங்கவில்லை. அந்தப் பிரிவைத்தான் முதலில் மூடியிருக்கிறார்கள். கொழுந்தன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். "அந்தக் காலத்துல எதுவும் இப்படிச் சரிபார்க்காது அண்ணி" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். நான் அவனை என்னவென்று திட்டுவது? தலையாட்டியவர்களில் நானும் ஒருத்திதானே.

இவர் கம்பெனிக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினார். அனுப்புவதற்கு முன்னால் நான் படித்தேன். என் வாழ்நாளில் ஒரு தடவைகூட உரிமம் இல்லாத மென்பொருளைப் பயன்படுத்தியதில்லை, இதைத் தாங்கள் விசாரித்து அறியலாம், தேதியை மாற்றியது தவறு, மன்னிக்க வேண்டும், மாதக் கடைசிவரையாவது குரலைத் தாருங்கள் என்று எழுதியிருந்தார். அடப்பாவிகளா, யாரிடம் எதற்கு மன்னிப்பு! அதைப் படித்தபோது வந்த அழுகை ஆபரேஷன் அன்றைக்குக்கூட எனக்கு வரவில்லை. இயந்திரம் ஒன்று பதில் போட்டது. உங்கள் கோரிக்கை முடித்துவைக்கப்பட்டது, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?

பழைய வீடியோக்களைத் தேடினோம். எல்லாவற்றிலும் கேமராவைப் பிடித்தது இவர்தான். "இன்னும் கொஞ்சம் பின்னால போ" என்பார், அதுவும் மற்றவர்கள் சத்தத்துக்கு அடியில் பாதிதான் கேட்கும். அதை வைத்து எந்தப் புரோகிராமுக்கும் எதையும் கற்றுக்கொடுக்க முடியாது என்று கொழுந்தன் சொன்னான். கடைசியில் அவனே ஒரு பொதுக் குரலைப் போட்டுக் கொடுத்தான். இவர் "பசிக்குது" என்று அடித்தார். பாங்கிக்குப் போன் போட்டால் காத்திருக்கச் சொல்லுமே, அந்த ஆள் என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பசிக்கிறது என்றான்.

"வேணாங்க. எழுதிக் காட்டுங்க" என்றேன். அதிலிருந்து வெள்ளைப் பலகைதான். கொழுந்தன் வருவதும் நின்றுபோயிற்று. அவன் மேல் கோபமில்லை, வரச் சொல் என்று இவர் எழுதிக் காட்டினார். சொன்னேன், வரவில்லை. பிரிண்டரைப் பற்றி ஒரு வார்த்தை பேச ஆளில்லாத வீட்டில் குழாய் சொட்டுவது கேட்டது.

போன வாரம் நானே கடைக்குப் போனேன். கழற்றிப் போட்ட லேப்டாப்புகளுக்கு நடுவில் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் அவசரமாக எதையோ நிறுத்தினான்.

"என்ன கேக்கறே?"

ஹெட்போன் ஒயரைப் பிடுங்கிவிட்டு அமுக்கினான். ஓசி, ஒயரைச் சரியா சொருகுடா. கரகரப்பும் இருந்தது, கடைசியில் அந்தத் தொய்வும் இருந்தது. முக்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.

"தினமும் கேக்கறியா?"

தலையை ஆட்டினான். "இது மட்டும்தான் அண்ணி மிச்சம்."

என் போனில் அதை வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு நடக்கும்போது எனக்குத் துக்கத்தைவிட ஆத்திரம்தான் அதிகமாக வந்தது. இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறேன், மிஞ்சியது தம்பியைத் திட்டுகிற ஒரு வரி. என்னைக் கூப்பிட்டு ஒரு "ஏய்" கூட இல்லை.

வீட்டில் இவருக்குப் போட்டுக் காட்டினேன். போனையே பார்த்துக்கொண்டு கேட்டார். இன்னொரு தடவை போடச் சொல்லிச் சைகை காட்டினார். போட்டேன். கை தானாகத் தொண்டைக்குப் போயிற்று. பிறகு பலகையை எடுத்து, அவசரமில்லாமல், அலுவலகத்தில் எழுதுகிற அதே கையெழுத்தில் எழுதினார்.

அழித்துவிடு. பதிவு செய்ய நமக்கு உரிமை இல்லை.

முகத்தைப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது.

"விளையாட்டுக்குச் சொல்றீங்களா, நிஜமாவா?"

பேனாவை மூடிப் பலகையின் மேல் வைத்தார்.

"சொல்லுங்களேன், அழிக்கவா வேணாமா?" என்று கத்தினேன். அவர் எழுதியதையே விரலால் தொட்டுக் காட்டினார். நான் மறுபடி படித்தேன், அப்புறம் வாய்விட்டும் படித்துப் பார்த்தேன். என் குரல்தான் கேட்டது. வாக்கியத்தின் கடைசியில் ஒரு புள்ளி இருந்தது, அது தொய்ந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை.