கரட்டு மேல் ஒரு புதன்கிழமை

மாதாந்திரப் பராமரிப்புக்காக அந்தப் புதன்கிழமை பகல் முழுக்க மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள். மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில், வீட்டை ஒட்டிய கொட்டகையில் நாலு விசைத்தறி ஓட்டும் ஈஸ்வருக்கும் அவன் மனைவி தனப்பிரியாவுக்கும் என்ன செய்வதென்றே தெரியவில்லை.

“ஏனுங்க, கல்யாணமாகி ஆறு வருசமாச்சு. கண்ணெதுக்க இருக்கற இந்தக் கரட்டு மேல ஒருக்காக்கூட ஏறுனதில்லீங்க” என்றாள் தனப்பிரியா.

கரடு ஒன்றும் பெரிய மலையில்லை. காய்ந்த புல், பாறை, இங்கொன்றும் அங்கொன்றுமாக ஊஞ்ச மரம். அரை மணியில் ஏறிவிடலாம். ஆனால் பாதியிலேயே ஈஸ்வருக்கு மூச்சு வாங்கியது. ஒரு பாறையில் சாய்ந்துகொண்டு, “அங்க பாரு புள்ள, திருச்செங்கோட்டு மலை தெரியுது” என்றான். பத்தடி போனதும் மறுபடி நின்று அதே மலையைக் காட்டினான்.

“அது எங்கயும் போகாதுங்க. நீங்க நடங்க!”

சுற்றிலும் ஒரு சத்தமில்லை. இருவருக்கும் தறிச் சத்தத்துக்கு மேலே பேசியே பழக்கம்.

“எதுக்குப் புள்ள இப்பிடிக் கத்தற?” என்று கத்தினான் ஈஸ்வர்.

“மெதுவாத்தானுங்க பேசறேன்!”

அந்த அமைதியில் அவளுக்கு மனசு லேசாகிவிட்டது. ரொம்ப நாளாக அடக்கி வைத்திருந்ததைச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

“கோவிச்சுக்கக் கூடாது. உங்கக்கா வாரா வாரம் கொள்ளுப்பருப்பு கடைஞ்சு குடுத்தனுப்பறாங்கல்ல? நீங்களும் எல்லாத்தையும் எனக்கே உட்டுட்டுப் போயிடறீங்க. வாயில வெக்க முடியலீங்க, ஒரே உப்பு! பக்கத்தூட்டு எருமைக்குத்தான் ஊத்தறேன்.”

பதில் கீழேயிருந்து வந்தது. “எருமைக்குப் புடிச்சுதா அம்மிணி?”

பாறைக்கு அந்தப் புறம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஈஸ்வரின் அக்கா ராமாத்தாள் எழுந்து நின்றாள். தனப்பிரியாவுக்கு அப்படியே கரட்டுக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது. குச்சியோடு ஏறி வந்த ராமாத்தாளுக்கு மூச்சுக்கூட வாங்கவில்லை.

“அக்கா, நான் சும்மா ஒரு பேச்சுக்கு…”

“இரு அம்மிணி. உப்புப் பத்தலைன்னு நீதான சொல்லி உட்ட?”

“நானுங்களா?”

“இவன்தான் வாரந் தவறாம வந்து சொல்றான். நீ கிண்ணத்த வழிச்சு நக்கறயாம், உப்பு மட்டும் இன்னுங் கொஞ்சம் வேணுமாம். நானும் சேத்திச் சேத்திப் போட்டேன்.”

இருவரும் ஈஸ்வரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் திருச்செங்கோட்டு மலையைப் பார்த்தான்.

“சொல்லுடா.”

“மொதத் தடவ எப்பிடி இருக்குதுன்னு கேட்ட. நான் எங்க தின்னு பாத்தேன்? கொள்ளுன்னாலே எனக்கு ஆவாது. சும்மா நல்லாருக்குன்னு சொன்னா நீ நம்ப மாட்டீன்னு, உப்பு கொஞ்சம் கம்மின்னு ஒரு வார்த்த சேத்துனேன். அப்பறம் மாத்திச் சொல்ல முடியலக்கா.”

ராமாத்தாள் தனப்பிரியாவைப் பார்த்தாள். முதலில் உதடு துடித்தது, பிறகு தோள் குலுங்கியது. இரண்டு பெண்களும் சிரித்த சிரிப்பில் ஆடுகள் தலை தூக்கிப் பார்த்தன.

ராமாத்தாள் குச்சியைத் தம்பி கையில் திணித்தாள். “நாங்க உச்சிக்குப் போய்ட்டு வாரோம். பதினோரு உருப்படி இருக்குது. ஒண்ணு கொறஞ்சாலும் ஊட்டுப் பக்கம் வந்துராத.”

உச்சிப் பாறையில் கால் நீட்டி உட்கார்ந்து, ராமாத்தாள் மடியில் கொண்டுவந்திருந்த நிலக்கடலையை இருவரும் உரித்துத் தின்றார்கள். கீழே ஒரு கறுப்பு வெள்ளாடு சோளக்காட்டைப் பார்த்து ஓட்டமெடுத்தது. வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி ஈஸ்வர் பின்னாலேயே ஓடினான்.

“சோத்தாங்கைப் பக்கம் மடக்குடா!” என்றாள் ராமாத்தாள்.

“இல்லீங்க, பீச்சாங்கைப் பக்கம்!” என்றாள் தனப்பிரியா.

நடுவில் நின்று அவன் இருவரையும் அண்ணாந்து பார்த்தான். அதற்குள் ஆடு சோளத்துக்குள் புகுந்துவிட்டது.