மீன் தின்னாத சன்னாசி

பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோதுதான் பெனிட்டாவுக்கு அந்த போன் வந்தது.

“நாய் படம் போட்டது நீங்கதானங்க? நான் கோட்டுச்சேரிமேட்டுலேர்ந்து பேசுறேன், மாரியம்மாள்னு பேரு. அந்த வெள்ளை மூஞ்சி நாயை யாரும் கொண்டுபோயிட்டாங்களா?”

“இல்லங்க, இருக்கு. இருக்கு.” ஒரு தடவை சொன்னால் போதாதா என்றால், போதாது. அந்த நாய் வந்து சேர்ந்த நாளிலிருந்து ஒருத்தர்கூட அதைப் பற்றி விசாரித்ததில்லை. “இன்னைக்கே கொண்டாரவாங்க?”

“வாங்க, வாங்க. எங்க வீட்டுக்காரருதான் கொஞ்சம் ஒரு மாதிரி. நேர்ல பாத்தா ஒத்துப்பாரு.”

அகப்பட்ட செருப்பில் காலை நுழைத்துக்கொண்டு பெனிட்டா ஓட்டமும் நடையுமாகத் தெருவுக்கு வந்து, ஆட்டோ ஓட்டும் ஆபித்தைக் கூப்பிட்டாள். “தம்பி, உடனே ஷெல்டருக்கு வா. சன்னாசிக்கு வீடு கெடைச்சிடும் போலருக்கு.”

“அல்ஹம்துலில்லாஹ்” என்றான் ஆபித். “அஞ்சு நிமிசத்துல நிக்கிறேங்க்கா.” சன்னாசியை ஊசி போட ஏற்றி இறக்கியே அவனுக்கும் அந்த நாய் மேல் ஒரு இது.

ஷெல்டர் என்றதும் பெரிய கட்டடத்தை நினைத்துவிட வேண்டாம். கோட்டுச்சேரிக்குப் பின்னால் ஒரு காலி மனையில் ஆதரவில்லாத நாய்களுக்காகத் தகரம் போட்டு, கம்பிவலை அடித்த இடம், அவ்வளவுதான். மருந்துக் கடையில் வேலை பார்க்கும் பெனிட்டாவும் தோழிகள் இரண்டு பேரும் நடத்தினார்கள். மனைக்காரர் இப்போது வீடு கட்டப்போகிறார். அவரைக் குறை சொல்ல முடியாது, இத்தனை நாள் சும்மா விட்டதே பெரிய மனசு. குட்டிகளைப் போட்டி போட்டுக்கொண்டு தூக்கிப் போனார்கள். வளர்ந்த நாய்களும் கெஞ்சிக் கூத்தாடியதில் ஒவ்வொரு வீடாகப் போய்ச் சேர்ந்தன. மிச்சம் சன்னாசி ஒருவன். அவனை ஏற்றிப் போக அன்று சாயங்காலம் சென்னைப் பக்கத்துப் பெரிய காப்பகத்திலிருந்து வேன் வருகிறது.

பெரிய காப்பகம் கெட்ட இடமில்லை. ஆனால் அங்கே நூற்றுக்கணக்கில் நாய்கள். எல்லாவற்றுக்கும் ஒரே அண்டாவில் அரிசியும் மீன் தலையும் போட்டு வேகவைப்பார்கள். சிக்கலே அங்கேதான். சன்னாசி மீன் தின்னமாட்டான். மீன் வாடை பட்ட சோற்றைக்கூட முகர்ந்துவிட்டு, மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தள்ளிப் போய்ப் படுத்துக்கொள்வான். சுரக்குடியில் தனியாக இருந்த ஒரு பெரியவர் தயிர்சாதம் போட்டே வளர்த்த நாய். அவர் காலமானதும் அக்கம்பக்கத்தார் கொண்டுவந்து விட்டுப் போனார்கள். நாயின் பெயர் அவர்களுக்கும் தெரியவில்லை. கடலோரத்தில் இருந்துகொண்டு மீன் வேண்டாம் என்கிறவனுக்கு வேறென்ன பெயர் வைப்பது? ஆபித்துதான் சன்னாசி என்றான், அதுவே நிலைத்துவிட்டது. பெனிட்டா தன் வீட்டிலிருந்து தினம் தயிர்சாதம் பிசைந்து கொண்டுபோனாள். தன்னோடு கூட்டிப் போகலாம் என்றால் அவளுக்கு மாடி வீடு. சன்னாசியின் முழங்கால் நாலு படி தாங்காது. கீழே இருக்கும் வீட்டுக்காரரோ பூனை சத்தத்துக்கே சண்டைக்கு வருகிறவர்.

அந்தக் காப்பகத்தில் யார் இவனுக்குத் தனியாகத் தயிர் ஊற்றப்போகிறார்கள்? பட்டினி கிடந்தே போய்ச் சேர்ந்துவிடுவான் என்று பெனிட்டா இரண்டு வாரமாக நினைத்து நினைத்து அழுதிருக்கிறாள்.

ஆட்டோ கிளம்பியதும், பின் சீட்டில் அவள் மடியில் தலையை வைத்துக்கொண்டு சன்னாசி காற்று வாங்கினான். சந்தோஷத்தில் பெனிட்டாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பாதி வழியில்தான் ஒன்று ஞாபகம் வந்தது.

“ஆபித்து, படத்துக்குக் கீழே எல்லாம் எழுதினேன். வயசு, ஒரு கண்ணு மங்கல், முழங்கால் வலி, கடிக்காது, கத்தாது. மீன் திங்காதுன்னு மட்டும் எழுதல.”

ஆபித் கண்ணாடியில் பார்த்தான். “கோட்டுச்சேரிமேடுன்னா மீன்காரங்களாச்சேக்கா.”

“அதான் சொல்றேன். வீடு பூரா மீனா இருக்கும். அதைத் தொடாத நாயை எவங்க வச்சிக்குவாங்க? நீ வாயைத் தொறக்காத. பையில தயிர்சாதம் வச்சிருக்கேன். இன்னைக்கு ஒருநாள் எப்படியாவது ஒப்பேத்திடலாம், அப்புறம் பழகிட்டா விடமாட்டாங்க.”

ஞாயிற்றுக்கிழமை பூசை பார்த்த கையோடு போடுகிற திட்டமா இது என்று அவளுக்கே உறுத்தியது. ஆனாலும் திட்டத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

மாரியம்மாள் வாசலிலேயே காத்திருந்தாள். அறுபதைத் தொட்ட வயது, நல்ல உயரம். சன்னாசி ஆட்டோவிலிருந்து இறக்கிவிடப்பட்டதும் நேரே அவளிடம் போய், அவள் பாதத்தின் மேல் தாடையை வைத்துப் படுத்துவிட்டான். இவனுக்கு எல்லோரும் சொந்தக்காரர்கள். “அடி ஆத்தி” என்று மாரியம்மாள் அப்படியே உட்கார்ந்து அவன் காதைத் தடவினாள். பாதி வேலை முடிந்தது என்று பெனிட்டா நினைத்தாள்.

மீதிப் பாதி உள்ளேயிருந்து வந்தது. அரசப்பன், முழங்காலைப் பிடித்துக்கொண்டே படியிறங்கினார். முன்பு கடலுக்குப் போனவர். இப்போது முடியாமல், பெண்டாட்டியோடு சேர்ந்து கரை வேலை பார்க்கிறார். நாயைச் சுற்றி ஒரு நடை வந்தார்.

“நாயக் கேட்டா, நாயோட தாத்தாவக் கொண்டாந்திருக்கீங்க. பல்லு இருக்கா?”

“இருக்குங்கய்யா, நெறயவே இருக்கு” என்றாள் பெனிட்டா.

“கொரைக்குமா?”

“தேவைன்னா கொரைக்கும்.” அந்தத் தேவை இதுவரை வந்ததில்லை என்பதை அவள் சொல்லவில்லை.

“பேரு?”

பெனிட்டா வாயைத் திறப்பதற்குள் ஆபித் பெருமையாக, “சன்னாசிங்க” என்றான்.

மாரியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அரசப்பன் முகம் இறுகியது. “எங்கப்பா பேரு” என்றார்.

பெனிட்டாவுக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்றிருந்தது. “மாத்திக்கலாங்கய்யா. நாங்க சும்மா வச்சதுதான்.”

“மாத்தாம? இவ எப்படிக் கூப்புடுவா? மாமனாரு பேர ஒருநாளும் சொன்னவ இல்ல. ரேஷன் கடையில கேட்டாக்கூட என்னையத்தான் சொல்லச் சொல்லுவா.”

“அதை அப்புறம் பாப்போம். மொதல்ல வந்த உசிருக்குச் சோறு” என்று மாரியம்மாள் உள்ளே போனாள்.

பெனிட்டா பையிலிருந்த தயிர்சாதத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். எடுக்க நேரம் கிடைக்கவில்லை. அலுமினியத் தட்டு நிறையச் சோறும், அதன் மேல் முள் எடுத்த சங்கரா மீனும், தளும்பத் தளும்பக் குழம்புமாக மாரியம்மாள் வந்துவிட்டாள். ஒரு புது ஆளுக்குப் போடுகிற சோறு அது. அக்கறையாக முள் எடுத்திருந்தாள் பாருங்கள், அதைப் பார்த்ததும் பெனிட்டாவுக்கு அழுகையே வந்தது.

சன்னாசி முகர்ந்தான். மாரியம்மாளை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தான். தள்ளிப் போய்ச் சுவரோரம் படுத்தான்.

“ஒடம்பு சரியில்லாத நாய்” என்றார் அரசப்பன். “நாளைக்கே செத்துக்கெடந்தா இவதான் நாலு நாளு சோறு திங்காம அழுவா. கூட்டிக்கிட்டுக் கெளம்புங்கம்மா.” மாரியம்மாள் தட்டை எடுக்காமல் நின்றாள். அவள் முகம் வாடிப்போனது.

அந்த நேரம் பார்த்து வேன் டிரைவரிடமிருந்து போன். பெனிட்டா எடுக்கவில்லை. இனிமேல் மறைத்து என்ன ஆகப்போகிறது?

“ஒடம்புக்கு ஒண்ணும் இல்லங்க. அது மீன் திங்காது. பொறந்ததுலேர்ந்து தயிர்சாதந்தான். மீன் மட்டுமில்ல, கருவாடு, கறி எதுவும் தொடாது. சொன்னா எடுத்துக்கமாட்டீங்கன்னு நாந்தான் மறைச்சிட்டேன். தப்புதான்.”

புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“கருவாடு?” என்றார் அரசப்பன்.

“தொடாதுங்க.”

“நெத்திலி?”

“வாடையே ஆவாதுங்க.”

அரசப்பன் முழங்கால் வலியை மறந்து நிமிர்ந்தார். “வா” என்று நாயைப் பார்த்துச் சொல்லிவிட்டு, வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் நடந்தார். சன்னாசியும் யார் கூப்பிட்டாலும் போகிறவன், பின்னாலேயே போனான்.

வீட்டுக்குப் பின்னால் மணலில் பழைய வலைகளை விரித்து, நெத்திலி காய்ந்துகொண்டிருந்தது. வெள்ளிக் காசை இறைத்துவிட்ட மாதிரி ஒரே பளபளப்பு. ஓரத்தில் ஒரு கிழிந்த குடை, நாற்காலி, நீளக் கம்பு. நாள் முழுக்க அரசப்பன் அங்கே உட்கார்ந்து காக்கா ஓட்டுகிறார் என்று மாரியம்மாள் சொன்னாள். நாய் வைத்துப் பார்த்தார்களாம். ஒன்று மாற்றி ஒன்று, மூன்று நாய். காக்கா தின்றதைவிட அவை தின்றதுதான் அதிகம்.

“இவரு வெய்யில்ல கெடந்து வேவுறாரு, பாக்க முடியல பாப்பா. அதான் பல்லுப்போன கெழட்டு நாயா இருந்தா கம்மியா திங்குமேன்னு உங்களுக்கு போன் பண்ணேன்.”

அரசப்பன் எல்லோரையும் கவிழ்த்துப் போட்டிருந்த படகுக்குப் பின்னால் வரச்சொல்லி, சன்னாசியைத் தனியே விட்டார். நாலு பேரும் படகுக்கு மேலாகத் தலையை நீட்டிக்கொண்டு நின்றார்கள்.

சன்னாசி நெத்திலிகளுக்கு நடுவே, தெரியாமல் அடுத்த வீட்டுக் கல்யாணத்துக்குள் நுழைந்துவிட்டவன்போல ஒதுங்கி ஒதுங்கி நடந்தான். ஒன்றைக்கூட மிதிக்கவில்லை. வெறும் மணலாகப் பார்த்து, குடை நிழலில் படுத்தான்.

“திங்கல” என்றாள் மாரியம்மாள் மெதுவாக.

“இரு. காக்கா வரட்டும்.”

வந்தது. ஒன்று, அதைப் பார்த்து இன்னொன்று. பெனிட்டா சேசுவே சேசுவே என்று முணுமுணுத்தாள். குரைக்கத் தெரியாத நாய் காக்காவை என்ன செய்துவிடும்?

சன்னாசி தலையைத் தூக்கினான். ஆள் வந்திருக்கிறதே என்று அவனுக்கு ஒரே சந்தோஷம். முழங்காலை ஊன்றி எழுந்து, வாலை ஆட்டிக்கொண்டு, காக்காவை விசாரிக்கப் போனான். அவன் உறவு கொண்டாட வருகிறான் என்பது காக்காவுக்கு எப்படித் தெரியும்? இரண்டும் பறந்தன. சன்னாசி கொஞ்சநேரம் வானத்தைப் பார்த்துவிட்டு வந்து படுத்தான். அடுத்தது வந்தது, மறுபடி எழுந்தான், மறுபடி வாலை ஆட்டிக்கொண்டு போனான். அவன் சலித்துக்கொள்ளவே இல்லை. இத்தனை விருந்தாளிகளை அவன் ஆயுசில் பார்த்ததில்லை.

ஆபித் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் படகில் சாய்ந்துவிட்டான். மாரியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். அரசப்பன் மட்டும் சிரிக்கவில்லை.

“ஏம்மா, இதப் போயி மறைச்சீங்களே. மொதல்லயே எழுதிப் போட்டிருந்தீங்கன்னா, இந்நேரம் திருவேட்டக்குடி வரைக்கும் ஒரு மீன்காரன் பாக்கியில்லாம உங்க வாசல்ல வந்து நின்னிருப்பான்.”

“அப்ப வச்சிக்கிறீங்களாங்கய்யா?” என்றாள் பெனிட்டா. “வயசாயிடுச்சி. ரொம்ப வருசம் இருப்பான்னு என்னால சொல்ல முடியாது.”

“இருக்குற வரைக்கும் நெழல்ல இருக்கட்டும். எனக்கு வீட்டு நெழல்ல இன்னொரு நாற்காலி கெடக்கு.”

மறுபடி வேன் டிரைவர் கூப்பிட்டார். இந்தத் தடவை பெனிட்டா எடுத்தாள். “அண்ணே, ஏத்துறதுக்கு ஒண்ணும் இல்ல. நீங்க திரும்பிடுங்க” என்று சொல்லும்போது சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்ததில் டிரைவர் பயந்துபோய், என்னம்மா ஆச்சு என்று கேட்டார்.

மாரியம்மாள் பக்கத்து வீட்டில் தயிர் வாங்கி, நல்ல தட்டாக ஒன்றைக் கழுவி, சோற்றை மசியப் பிசைந்து மரத்தடியில் வைத்தாள். சன்னாசி தூரத்தில் ஒரு காக்காவோடு மும்முரமாக இருந்தான். கூப்பிட வேண்டும். அவள் வாயைத் திறந்தாள், மூடினாள், புருஷனைப் பார்த்தாள். அவர் வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்தார்.

அப்புறம் அவள் முந்தானையைத் தோளோடு இழுத்துச் செருகிக்கொண்டு, குரலைத் தணித்து, மரியாதையாகக் கூப்பிட்டாள்.

“மாமா, சோறு வச்சிருக்கேன். சாப்புட வாங்க.”

சன்னாசி காதை நிமிர்த்தினான். காக்காவை விட்டுவிட்டு, வலைகளுக்கு இடையே ஒதுங்கி ஒதுங்கி நடந்துவந்து, தட்டில் வாயை வைத்தான்.

அரசப்பன் அதைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “எங்கப்பன் உசிரோட இருந்தப்ப,” என்றார் பெனிட்டாவிடம், “அவர ஒருநாளும் இவ இப்புடிக் கூப்புட்டது கெடையாது.”