பெயரெழுதாத பொட்டலம்

சித்ரலேகா டீச்சர் சிங்கப்பூர் போகிறாள் என்ற செய்தி திருநெல்வேலி டவுன் முழுக்கப் பரவ ஒன்றரை நாள் ஆயிற்று. அதற்குப் பிறகு நான்கே நாளில் அவள் வீட்டுக் கூடத்தில் வந்து குவிந்தவை: அல்வா ஆறு கிலோ, மோர்மிளகாய் மூன்று பை, கூழ்வற்றல் ஒரு தகரடின், பிறந்த குழந்தைக்கு ஒரு வெள்ளி அரைஞாண், ஒரு மாப்பிள்ளைக்குப் பட்டுக்கரை வேட்டி, இன்னொரு மாப்பிள்ளைக்கு அதைவிடக் கரை அகலமான வேட்டி. சொந்தத்தில் யார் கடல் தாண்டினாலும் அவர்கள் கையில் பொட்டலம் கொடுத்துவிடுவது இந்த ஊர் வழக்கம். போகிறவர் வேறு எதற்காவது போகிறார் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

"ஒரு கிலோதான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு இரண்டு கிலோவை வைத்துப் போனார்கள். அவளுடைய அம்மா மூன்று மாதம் படுக்கையில் கிடந்தபோது எட்டிப் பார்க்காதவர்கள், பதினாறாம் நாள் சாப்பாட்டுக்கு மட்டும் பந்தி தொடங்குமுன் வந்து உட்கார்ந்தவர்கள், இப்போது அவள் மோவாயைத் தொட்டு, "நம்ம பிள்ள வெளிநாடு போவுது" என்று பூரித்தார்கள். சித்ரலேகா எல்லாருக்கும் காபி கொடுத்தாள். ஒவ்வொரு டம்ளரையும் அவள் வைத்த சத்தத்தில் அவளுடைய அபிப்பிராயம் இருந்தது. காபியில் கவனமாக இருந்ததால் அவர்களுக்கு அது கேட்கவில்லை.

அவளுக்கு வயது நாற்பத்து நான்கு. பதின்மூன்று வயதிலிருந்து இன்சுலின் ஊசி போடுகிறாள். சாப்பாட்டுக்கு முன் மூன்று, படுக்கப் போகும்போது ஒன்று. அந்த ஊசி இல்லாமல் இரண்டு நாள் தள்ளமாட்டாள். இது அவளுக்கும் டாக்டருக்கும் தெரியும். ஊருக்கும் ஒருகாலத்தில் தெரிந்தது. பிறகு ஊர் அவளைத் 'தனியாகவே இருந்துட்டா' என்ற ஒரு வரியில் போட்டு மறந்துவிட்டது.

ஓர் அறக்கட்டளை பன்னிரண்டு அறிவியல் ஆசிரியைகளைத் தேர்ந்தெடுத்து ஒரு வாரம் சிங்கப்பூருக்கு அழைத்துப் போகிறது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியை பெனோதான் அணித்தலைவி. விண்ணப்பத்தில் 'நீண்டநாள் நோய் ஏதும் உண்டா?' என்று ஒரு கேள்வி இருந்தது. சித்ரலேகா பேனாவைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு 'இல்லை' என்று எழுதினாள். உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்பதை அவள் ஏற்கெனவே பார்த்தவள். உண்டு என்று எழுதினால் பதின்மூன்றாவதாக நிற்கும் ஒருத்தி சந்தோஷமாகப் புறப்பட்டுவிடுவாள் என்று அவள் உறுதியாக நம்பினாள்.

ஊசி மருந்தைக் கையோடுதான் கொண்டுபோக வேண்டும், கீழே போகும் பெட்டியில் வைத்தால் குளிரில் உறைந்து கெட்டுவிடும், விமான நிலையத்தில் காட்ட ஒரு கடிதம் எழுதித் தருகிறேன் என்று டாக்டர் அர்ஷியா போன மாதமே சொல்லியிருந்தார். கைப்பையைச் சோதிக்கும்போது பதினொரு பேர் பக்கத்தில் நிற்பார்களே! அதனால் சித்ரலேகா கடிதம் வாங்கப் போகவில்லை. பெட்டியில் சேலைகளுக்கு நடுவே சுருட்டி வைத்துவிடலாம், உறையாது, கடவுள் விட்டுவிட மாட்டான் என்று முடிவு செய்திருந்தாள். பிள்ளைகளுக்கு உறைநிலை பற்றிப் பத்தொன்பது வருஷமாகப் பாடம் நடத்துகிறவள் அவள்.

சனிக்கிழமை பயணம். வியாழக்கிழமை சாயங்காலம் வாசலில் ஒரு குரல் கேட்டது.

"ஏளா சித்ரா, இருக்கியா?"

பிரம்மநாயகி அத்தை. தூரத்து அத்தைதான். ஆனாலும் இவளுடைய பொட்டலம் இன்னும் வரவில்லையே என்று சித்ரலேகா நான்கு நாளாகப் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். பதினெட்டு வருஷத்துக்கு முன் மகன் குமரகுருபரனுக்குப் பெண் பார்க்க இதே கூடத்துக்கு வந்தவள். இரண்டு தட்டு கேசரி சாப்பிட்டாள். சித்ரலேகாவின் அப்பா ஒளிக்காமல் விஷயத்தைச் சொன்னார். "அதனால என்ன" என்று சிரித்துவிட்டுப் போனவள், தரகர் மூலம் சொல்லியனுப்பினாள்: "ஊசி போடுத பிள்ள வம்சத்துக்கு ஆகாது." அதோடு விட்டிருந்தாலும் போகட்டும். கோயிலில், கல்யாண வீட்டில், பஸ் நிறுத்தத்தில், எங்கெல்லாம் நாலு பேர் நின்றார்களோ அங்கெல்லாம் சொன்னாள். அதன் பிறகு அந்தக் கூடத்தில் யாருக்கும் கேசரி கிண்ட வேண்டிய அவசியம் ஏற்படவில்லை.

"வாங்கத்தே. எத்தன கிலோ?" என்றாள் சித்ரலேகா.

அத்தைக்கு அது வரவேற்பாகத்தான் பட்டது. இடுப்பிலிருந்து பையை இறக்கி நான்கு பிளாஸ்டிக் பொட்டலங்களை எடுத்து வைத்தாள். ஒவ்வொன்றும் அரைக்கிலோ இருக்கும். உள்ளே பழுப்பு நிறத்தில் பொடி. வாய் நூலால் கட்டியிருந்தது. பேரில்லை, சீட்டில்லை.

"குமரனுக்குக் கொஞ்சம் இட்லிப் பொடி. வீட்டுக்குக் கொண்டு போவாத. அவன் ஆபீசுக்கு போன் போட்டா அவனே வந்து வாங்கிக்கிடுவான்."

"ஆபீசுக்கு எதுக்கு இட்லிப் பொடி? அங்கன அடுப்பு வச்சு இட்லி அவிக்காங்களா?"

"நீ ஒருத்தி. எல்லாத்துக்கும் கேள்வி கேப்ப."

சித்ரலேகா ஒரு பொட்டலத்தைப் பிரித்து விரல்நுனியால் தொட்டு நாக்கில் வைத்தாள். கசப்பு காதுவரை ஏறியது.

"என்னத்தே, மிளகாய்க்குப் பதிலா வேப்பங்கொட்டைய வறுத்துட்டீங்களா?"

அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"நாவக்கொட்டையும் சிறியாநங்கையும். பாபநாசத்துல ஒரு வைத்தியரு இடிச்சுக் குடுத்தாரு."

அந்தப் பொடி எந்த நோய்க்கு என்று இந்தத் தாமிரபரணிக் கரையில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும்.

"சுகரா?"

"மெதுவாப் பேசுளா!"

கூடத்தில் ஆறு கிலோ அல்வாவைத் தவிர வேறு யாரும் இல்லை.

சித்ரலேகா சிரித்தாள். பதினெட்டு வருஷமாகச் சேர்த்து வைத்த சிரிப்பு. "வம்சத்துக்கு ஆகாத நோயாச்சே அத்தே. உங்க வீட்டுக்குள்ள எப்படி நுழைஞ்சுது? அன்னைக்கு எங்க வீட்டுல தின்னீங்களே கேசரி, அதுலேருந்தா?"

"சொல்லு. நல்லாச் சொல்லு. சொல்லுததுக்கு உனக்கில்லாத பாத்தியதையா?" கிழவி தலையைக் குனிந்துகொண்டாள். "டாக்டரு ஊசி எழுதியிருக்காரு. போட மாட்டேங்கான். பொண்டாட்டிக்கே தெரியாது. ஆபீசுல தெரிஞ்சா ஒதுக்கிருவாங்களாம். போன மாசம் ரயில்ல மயங்கி விழுந்திருக்கான். யாரோ ஒரு சீனாக்காரி தண்ணி குடுத்து உக்கார வச்சிருக்கா. அவ யாரு, எவரு? எம் பிள்ளைக்கு அவதான் இருந்தா."

சித்ரலேகா சிரிப்பை நிறுத்தவில்லை. ஆனால் அதில் பழைய ருசி இல்லை. "பேரில்லாத பொடிய ரெண்டு கிலோ கட்டிக்கிட்டு நான் சிங்கப்பூர்ல இறங்குனா, மாலை போட்டுக் கூப்பிடுவானா? உள்ள தூக்கிப் போட்டுருவான். ஒரு சீட்டு எழுதி ஒட்டுனா என்ன, குறைஞ்சா போயிருவீங்க?"

"சீட்டு ஒட்டுனா தெரிஞ்சிருமே! நீ கைப்பையில வைக்காத. பெட்டிக்குள்ள சேலைக்கு நடுவுல சுருட்டி வச்சிரு. ஒண்ணும் ஆவாது. கடவுள் பாத்துக்கிடுவான்."

சித்ரலேகா பிரித்த பொட்டலத்தைக் கீழே வைத்தாள்.

கடவுள் சிலருக்குக் கண்ணாடியைச் சுவரில் மாட்டித் தருவதில்லை. வேண்டாத விருந்தாளியின் கையில் கொடுத்து அனுப்புகிறான். உலகத்திலேயே தனக்கு மிக மட்டமாகத் தோன்றிய ஒரு மூளையிலிருந்து, தன்னுடைய திட்டம் சொல்லுக்குச் சொல் வெளியே வந்ததை அவள் கேட்டாள். சேலை, சுருட்டல், கடவுள் உட்பட.

எழுந்துபோய் ஃப்ரிட்ஜைத் திறந்தாள். ஊறுகாய் டப்பா ஒன்றை எடுத்து வந்து அத்தையின் முன்னால் மூடியைத் திறந்து வைத்தாள். உள்ளே ஊறுகாய் இல்லை. ஆறு இன்சுலின் பேனாக்கள் இருந்தன. வேலைக்காரிக்குத் தெரியக்கூடாதென்று அவள் கண்டுபிடித்த ஏற்பாடு.

"பாத்துக்கிடுங்க. இது என் பொட்டலம். இதுலயும் சீட்டு இல்ல."

அத்தை டப்பாவைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். "நீ தைரியமா ஊருக்கெல்லாம் சொல்லிட்டுத்தான் போடுதன்னு நெனச்சேன்."

"ஊருக்கெல்லாம் சொன்னது நீங்கல்லா?" என்றாள் சித்ரலேகா. சொன்ன பிறகு பெருமூச்சு விட்டாள். "செருப்ப மாட்டுங்க. வண்ணார்பேட்டைக்குப் போவோம். இந்தப் பொடிய டாக்டரம்மாட்ட காட்டுங்க. குமரனுக்கு ஊசிக்குப் பதிலா இது போதும்னு அவங்க எழுதித் தந்தா, நாலு பொட்டலத்தையும் தலையில வச்சுக் கொண்டு போறேன்."

"நானா? அங்கன தெரிஞ்சவங்க யாராவது பாத்துட்டா?"

"ரயில்ல விழுந்தவன எத்தன பேரு பாத்திருப்பாங்க?"

அத்தை நான்கு பொட்டலங்களையும் திரும்பப் பையில் போட்டாள். பிறகு பைய எழுந்து செருப்பைத் தேடினாள். பெத்த வயிற்றுக்கு மானம் இரண்டாவதுதான். அதற்காக அவளுடைய பழைய பாவத்தில் பாதியையாவது கடவுள் தள்ளுபடி செய்திருப்பான்.

ஆட்டோ ஆற்றுப் பாலத்தில் ஏறியபோது அத்தை தண்ணீரைப் பார்த்துக் கும்பிட்டாள். "சித்ரா, அன்னைக்கு நான் சொல்லியனுப்புனது..." என்று ஆரம்பித்தாள். எதிரே பஸ்காரன் ஹாரனை அழுத்தினான். அவள் முடிக்கவில்லை. சித்ரலேகாவும் முடிக்கச் சொல்லவில்லை. ஆனால் அத்தை பக்கம் வெயில் அடித்ததால், அவளுக்குத் தன் இடத்தைக் கொடுத்துவிட்டு வெயிலில் மாறி உட்கார்ந்துகொண்டாள்.

டாக்டர் அர்ஷியாவின் கிளினிக்கில் முப்பது நாற்காலி, நாற்பது பேர். சர்க்கரை நோய்க்கு மட்டும் பார்க்கிற டாக்டர் என்று வெளியே ஆறடிப் பலகை தொங்குகிறது. உள்ளே உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவருக்கும் அந்த நோய் இல்லை. ரைஸ்மில் முதலாளி பாபநாசம் அண்ணாச்சி, அத்தையைக் கண்டதும் முழங்காலைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன மைனி இங்கன? நான் சும்மா, முட்டுவலிக்கு வந்தேன்."

"நான் இவளுக்குத் துணைக்கு வந்தேன்" என்றாள் அத்தை, நொடியும் தாமதிக்காமல்.

அடுத்த வரிசையில் ஒரு அம்மாளுக்குக் கண் மங்கல். அவளுக்குப் பின்னால் ஒருவர் மருமகனுக்காக வந்திருந்தார்; மருமகன் வரவில்லை. நெல்லையப்பர் சன்னதியில் வெளிப்படையாக அழுகிற சனம், ஒரு டாக்டரின் கிளினிக்குக்குள் இப்படி நடிக்கிறது. சித்ரலேகா எல்லாரையும் ஒரு சுற்று பார்த்தாள். நாலு நாளாக மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்த ஏளனத்தை இப்போது யார் மேல் இறக்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை. கைப்பேசியை எடுத்தாள். வெளியே போய்ப் பேச நினைத்தவள், வாசல்வரை போய்த் திரும்பி, கூடத்தின் நடுவிலேயே நின்றாள்.

"பெனோ டீச்சர், நான் சித்ரலேகா பேசுதேன். விண்ணப்பத்துல நான் பொய் எழுதிட்டேன். எனக்குச் சுகர் இருக்கு. பதிமூணு வயசுலேருந்து ஊசி போடுதேன். தினம் நாலு தடவ." அவள் குரல் வகுப்பறைக்குப் பழகிய குரல். நாற்பது பேரும் திரும்பினார்கள். "என் பேர எடுக்கணும்னா எடுத்துருங்க."

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. அந்த நேரத்துக்குள் அவள் மனசுக்குள் பெட்டியைப் பிரித்து, அல்வாவையெல்லாம் திருப்பிக் கொடுத்து, திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கும் போய்விட்டாள்.

"எடுத்துட்டு யாரப் போடச் சொல்லுத?" என்றது பெனோவின் குரல். "ஒருத்திக்கு ஆஸ்துமா, ஒருத்திக்கு வலிப்பு, எனக்கு நெஞ்சுல ரெண்டு கம்பி வச்சிருக்கு. எல்லாரும் எழுதிட்டாங்க. நீ ஒருத்திதான் ஒண்ணுமில்லன்னு எழுதியிருந்த. எங்க எல்லாரையும் உன் தலையிலதான் கட்டணும்னு இருந்தேன், போச்சு. இதுவரைக்கும் எட்டு டாக்டர் சீட்டு வந்தாச்சு. உன்னது ஒன்பதாவது. நாளைக்கு நகல் வேணும். ஆஸ்துமாக்காரி கூட உனக்கு அறை. ராத்திரி ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிடுங்க. இனிமே பொய் எழுதுன, அடிதான்."

சித்ரலேகா "சரி டீச்சர்" என்றாள். உலகத்திலுள்ள எல்லாரும் பிரம்மநாயகி அத்தை என்று நினைத்துப் பதினெட்டு வருஷம் ஓட்டியாயிற்று. எவ்வளவு பெரிய கர்வம் அது!

பதிவு மேசையில் இருந்த பெண் வழக்கம்போல் உரக்கக் கேட்டாள். "அம்மா, நீங்க யாருக்குப் பாக்கணும்? டோக்கன் போடணும்."

கூடம் காதைத் தீட்டிக்கொண்டது. அத்தை பையைத் தூக்கி மேசைமேல் வைத்தாள். நான்கு பொட்டலமும் வெளியே தெரிந்தன.

"எம் மவனுக்குக் கேக்கணும். குமரகுருபரன். சிங்கப்பூர்ல இருக்கான், சுகரு" என்றாள். வாயைத் திறந்த பிறகு மூட முடியவில்லை போலிருக்கிறது. "அப்படியே எனக்கும் பாத்துருங்க. ரெண்டு வருசமா ராத்திரி நாலு தடவ எந்திரிக்கேன். இந்தப் பொடியத்தான் நானும் தின்னுக்கிட்டிருக்கேன்."

"இன்னைக்கு டோக்கன் முடிஞ்சிட்டே பாட்டி. நாளைக்கு வாங்க."

பாபநாசம் அண்ணாச்சி முழங்காலை விட்டுவிட்டு எழுந்தார். தொண்டையைச் செருமினார். யாரையும் பார்க்காமல் தன் டோக்கனை அத்தையின் கையில் வைத்தார்.

"இதுல போங்க மைனி. எனக்கு என்ன, எப்பவும் போடுத ஊசிதான். நாளைக்கு வந்து எழுதிக்கிடுதேன்."

அவர் விட்ட நாற்காலியில் சித்ரலேகா அத்தையை உட்கார வைத்துவிட்டு, பக்கத்தில் நின்றுகொண்டாள்.